ஓம் என்று எழுதிய கிணறுகள்

நெல்லியடி
3 பெப்ரவரி 2025

திருமதி பராசக்தி தியாகராசா அவர்களுக்கு,

வியாழக்கிழமை தொடங்கி உங்கள் தொலைபேசிக்கு அழைக்கிறேன். நீங்கள் எடுக்கவில்லை. ஒரே பஸ்ஸில் அரை மணித்தியாலத்தில் புத்தூருக்கு வந்துவிடலாம்தான். வராமல் எழுதுவதற்குக் காரணம், சொல்லப்போவது எழுத்தில் இருப்பது இருவருக்கும் நல்லது என்று நான் நினைப்பதே.

நீர்வேலியில் சாருஜாவின் பிள்ளை இறந்து இன்றைக்குப் பதினைந்து நாள். மூன்று மாதம்கூட நிரம்பவில்லை. உதடும் நகமும் நீலம் பாரித்த நிலையில் கொண்டுபோனார்கள், பிழைக்கவில்லை. பால்மா கரைத்த கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்று மிகுதியாக இருந்ததே காரணம் என்று வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். வாழைக்குப் போடும் யூரியா மாரி மழையோடு இறங்கிக் கிணற்றில் சேர்வது நாங்கள் அறியாததல்ல. அதைக் கண்காணிக்கத்தான் எங்கள் திட்டமே இருக்கிறது.

அந்தத் தண்ணீரை டிசம்பர் 11 ஆம் திகதி நீங்களே போத்தலில் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினீர்கள். முடிவு 16 ஆம் திகதி எங்கள் இணையச் செயலிக்குள் வந்தது. இருக்கக்கூடிய அளவின் மூன்று மடங்கு. கைக்குழந்தை உள்ள வீடென்றால் அன்றே அந்த வீட்டுக்கும் மருத்துவமாதுவுக்கும் எச்சரிக்கை போக வேண்டும். போகவில்லை. முடிவு மார்ச் மாத அரையாண்டு அறிக்கைக்காகக் காத்திருந்தது.

ஏன் என்று தேடினேன். சாருஜா வீட்டுக் கிணறு 417 இன் அமைப்புகளில் நவம்பர் மாதம் நீங்கள் பதிந்திருப்பது இது: கைக்குழந்தை – ஓம். செயலி தேடுவது "ஆம்" என்ற சொல்லை. அது இல்லாவிட்டால் குழந்தை இல்லாத வீடு என்று எடுத்துக்கொள்ளும்.

பணிப்பாளர் நீக்கிலாப்பிள்ளை அறிக்கை கேட்டார். கொடுத்துவிட்டேன். அதில் யாருடைய பெயரும் இல்லை. "வீட்டிலிருந்து பெறப்பட்ட விடை எதிர்பார்க்கப்பட்ட வடிவில் இருக்கவில்லை" என்று மட்டும் எழுதினேன். உங்கள் விளக்கத்தை ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் 10 ஆம் திகதிக்கு முன் அனுப்பவும்.

தேவகுமாரி செல்வத்துரை
தொழில்நுட்பப் பொறுப்பாளர்


புத்தூர்
7.2.2025

மதிப்புக்குரிய மிஸ்,

எட்டு வருடமாக நான் உங்களை அக்கா என்றேன், நீங்கள் என்னை நீர் என்றீர்கள். இப்போது நான் திருமதி, அவர்களுக்கு, நீங்கள். முதல் வரியிலேயே மிச்சக் கடிதத்தில் என்ன இருக்கும் என்று விளங்கிவிட்டது. அதனால் நானும் மிஸ் என்றே எழுதுகிறேன்.

தொலைபேசியை எடுக்காததற்குக் காரணம் பயம் இல்லை. அந்தப் பிள்ளையின் செத்தவீட்டில் நின்றேன். தண்ணீர் எடுத்துக்கொண்டு போனவள் நான்தானே. சாருஜா என்னைப் பார்த்து, "அக்கா, தண்ணி நல்லதெண்டுதானே நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு யாருடனும் கதைக்க எனக்கு வாய் வரவில்லை.

விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். முந்தி எங்களிடம் சின்னச் சதுரம் ஒன்று இருந்தது. குழந்தை இருந்தால் அதில் சரி அடையாளம் போடுவோம். பிழை விட இடமே இல்லை. 2022 இல் அதை எடுத்துவிட்டுத் திறந்த பெட்டி ஒன்று தந்தீர்கள். இடப்பக்கம் விஷயத்தின் பெயர், வலப்பக்கம் விடை. என்ன வேண்டுமென்றாலும் எழுதலாம் என்றீர்கள். எழுதுவதற்கு முன் நான் உங்களுக்கு அழைத்துக் கேட்டேன். "ஓம் எண்டு எழுதினாச் சரியோ அக்கா, இல்லாட்டி ஆம் எண்டு எழுத வேணுமோ?" நீங்கள் சிரித்தீர்கள். "அந்தப் பெட்டி எதையும் ஏற்கும் பராசக்தி. அதுக்கு இலக்கணம் தெரியாது. வீட்டுக்காரர் சொல்லுறதை அப்படியே எழுதும்" என்றீர்கள்.

எங்கள் பக்கத்தில் எந்த வீட்டில் ஆம் என்று சொல்கிறார்கள்? செய்தி வாசிக்கிறவர்கூட வீட்டுக்குப் போய் ஓம் என்றுதான் சொல்வார்.

இரண்டரை வருடத்தில் என் பகுதியில் ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. தண்ணீர் நல்லது என்று நினைத்தேன். அது மட்டும்தான் என் பிழை. வேறு எதையும் நான் ஏற்கமாட்டேன்.

நேற்று நீக்கிலாப்பிள்ளை ஐயா ஆள் அனுப்பி ஸ்கூட்டியையும் போத்தல் பெட்டியையும் எடுத்துப்போனார். விசாரணை முடியும்வரை வரவேண்டாமாம். என்ரை மனுசன் தியாகராசா கேட்கிறார், "கொம்பியூட்டருக்கு யாழ்ப்பாணத் தமிழ் தெரியாதெண்டது உங்கடை மிஸ்ஸுக்கும் தெரியாதோ?" என்று. அதற்கு மறுமொழியை நீங்கள் சொல்லுங்கள்.

தி. பராசக்தி


நெல்லியடி
12 பெப்ரவரி 2025

பராசக்தி,

நீர் என்றே எழுதுகிறேன். முன்பு நீங்கள் என்று எழுதியது அலுவலகப் பழக்கம். இல்லை, அது உண்மையல்ல. உம்மைத் தூரத்தில் வைத்துக்கொண்டால் எழுதுவது எளிதாக இருக்கும் என்று நினைத்தேன்.

அந்தத் தொலைபேசி உரையாடல் எனக்கு நினைவில்லை. நீர் பொய் சொல்கிறீர் என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று வருடத்துக்குக் கிட்ட முன் நடந்த ஒன்றைச் சொல்லுக்குச் சொல் நினைவு வைத்திருப்பதாக யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை, என்னையும் சேர்த்து. பெட்டிக்கு இலக்கணம் தெரியாது என்பது நான் சொல்லக்கூடிய பகிடியா என்று யோசித்துப் பார்த்தேன். சொல்லக்கூடியதுதான். ஆனாலும் சொல்லக்கூடியது வேறு, சொன்னது வேறு.

பெட்டியைப் பற்றி. சதுரத்தை எடுத்தது வீம்புக்கல்ல. முதலில் ஒவ்வொரு கிணற்றுக்கும் பெயர், இடம், ஆழம், குழந்தை என்று நாலைந்து விவரம்தான். பிறகு உதவி தருகிறவர்கள் ஆளுக்கொன்று கேட்கத் தொடங்கினார்கள். ஒருவருக்குக் கர்ப்பிணிகள் வேண்டும். ஒருவருக்கு மாடுகள். இன்னொருவருக்கு வடிகட்டி எந்த நிறுவனத்தினது என்பது. ஒரு வீட்டில் செய்தியைத் தாய்க்கு அனுப்ப வேண்டும், அடுத்த வீட்டில் கனடாவிலிருக்கும் தமையனுக்கு. ஒவ்வொன்றுக்கும் தரவுத்தளத்தில் தனித்தனி இடம் சேர்த்துக்கொண்டே போனால் முடிவில்லை. ஆகவே ஒவ்வொரு கிணற்றுக்கும் அமைப்புகள் என்று ஒரே ஒரு திறந்த இடம் வைத்தேன். தேவையானதைத் தேவையான கிணற்றில் மட்டும் எழுதலாம். எழுதாதவற்றுக்குச் செயலி வழக்கமான பெறுமதியை எடுத்துக்கொள்ளும். அது நல்ல முறை. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் எதையும் மறுக்காத பெட்டி பிழையையும் மறுக்காது. அதை வாசலில் நின்று பார்க்க வேறொரு காவல் வைத்திருக்க வேண்டும்.

போன வருட அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். "புத்தூர், நீர்வேலிப் பகுதி: அவசர எச்சரிக்கைகள் பூச்சியம்." அதை ஒரு சாதனையாக எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் ஆம் என்று எழுதிய, சுற்றிவர உள்ள எல்லாப் பகுதியிலும் எச்சரிக்கை இருக்க, நடுவில் ஒரு பூச்சியம். எல்லாவற்றையும் சந்தேகிக்கிற எனக்கு அது மட்டும் சந்தேகமாகப் படவில்லை.

5 ஆம் திகதி செயலியைத் திருத்திவிட்டேன். ஓம் என்றாலும் ஆம் என்றாலும் இனி ஒன்றுதான். ஒரு வரி. பதினொரு நிமிடம் எடுத்தது.

திருத்திய பிறகு தேடினேன். நீர் ஓம் என்று எழுதிய கிணறுகள் 41. அவற்றில் டிசம்பர் முடிவு மோசமாக உள்ளவை, 417 ஐத் தவிர, ஒன்பது. நீக்கிலாப்பிள்ளை விசாரணை முடியும்வரை ஒரு செய்தியும் வெளியே போகக் கூடாது என்று அனுப்பும் வசதியை நிறுத்தி வைத்திருக்கிறார். இப்போது ஒன்பது வீட்டுக்கு ஒரே நாளில் செய்தி போனால் நாங்களே பிழையை ஒத்துக்கொண்டதாகும் என்கிறார். பட்டியலை வெளியே கொடுக்க எனக்கு அனுமதி இல்லை. விரைவில் முடிவு வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

தேவகுமாரி


புத்தூர்
16.2.2025

மிஸ்,

இத்துடன் ஒரு கடதாசி வைத்திருக்கிறேன். நீங்கள் 2022 இல் எங்களுக்குத் தந்த வழிகாட்டித் தாளின் போட்டோப் பிரதி. மூலம் என் அலுமாரியில் இருக்கிறது, அதைத் தரமாட்டேன். நாலாவது வரியைப் பாருங்கள், உங்கள் கையெழுத்து: "வீட்டார் சொல்வதை அப்படியே எழுதவும்." பக்கத்தில் பென்சிலால் இருப்பது என்னுடையது: "ஓம் / ஆம் – இரண்டும் சரி – அக்கா சொன்னவ – 14.7.22."

நான் பாலர் பாடசாலையில் பன்னிரண்டு வருடம் படிப்பித்தவள். யார் என்ன சொன்னாலும் திகதி போட்டு எழுதி வைக்கிற பழக்கம் அங்கே வந்தது. உங்களைப் பிடித்துக்கொடுக்க எழுதியதில்லை.

இதை நீக்கிலாப்பிள்ளை ஐயாவுக்கு நான் காட்டவில்லை. காட்டினால் என் வேலை திரும்பக் கிடைக்கும் என்று தியாகராசா சொல்கிறார். கிடைக்கட்டும், கிடைக்காமல் விடட்டும். எனக்கு இப்போது வேறொன்று வேண்டும்.

ஒன்பது வீடு என்று எழுதிவிட்டு, எதிர்பார்க்கிறேன் என்று முடித்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை வாசித்த நாளிலிருந்து நான் தெருவில் கைக்குழந்தையோடு போகிற ஒவ்வொருத்தியையும் பார்த்து இவளோ, இவளோ என்று நினைக்கிறேன். 41 வீட்டிலும் நான் போய் இருந்திருக்கிறேன். தேத்தண்ணீர் குடித்திருக்கிறேன், அதே கிணற்றுத் தண்ணீரில். எல்லா வீடும் எனக்கு நினைவில்லை, அதெல்லாம் உங்கள் பெட்டிக்குள் இருக்கிறது. நினைவிருக்கிற பதினாறு வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன், தேவையோ இல்லையோ.

எனக்கு வேலை வேண்டாம். அந்த ஒன்பது பெயரையும் தாருங்கள்.

பராசக்தி


நெல்லியடி
20 பெப்ரவரி 2025

பராசக்தி,

பெயர்கள் கடைசித் தாளில் இருக்கின்றன. கையால் எழுதியிருக்கிறேன், வீட்டுக்குப் போகும் ஒழுங்கை அடையாளத்தோடு. தபாலில் போட்டால் இரண்டு நாள் போகும் என்பதால் இந்தக் கடிதத்தை 750 பஸ்ஸில் நடத்துனரிடம் கொடுத்துவிடுகிறேன். கடைசியில் தந்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன். அதற்கு எனக்கு உரிமை இல்லை.

உமது தாள் கிடைத்தது. கிடைத்த அன்றே செயலியின் பழைய நிரல்களைத் திறந்தேன். நிரல் எழுதும்போது எங்களுக்காக நாங்களே இடையிடையே குறிப்பு எழுதுவோம், அதைச் செயலி வாசிக்காது, எழுதுகிறவர்தான் வாசிக்க வேண்டும். குழந்தை உண்டா என்று பார்க்கிற வரிக்கு மேலே என் குறிப்பு ஒன்று இருக்கிறது: "பெறுமதியைச் சரிபார்க்க வேண்டும். பிறகு." பதிந்த திகதி 14 ஜூலை 2022.

ஆகவே நீர் அழைத்தீர். நான் சிரித்தேன். சிரித்து முடித்துத் தொலைபேசியை வைத்த பிறகு, நீர் கேட்டது நல்ல கேள்வி என்று எனக்கு விளங்கியிருக்கிறது. விளங்கியதால் குறிப்பு எழுதியிருக்கிறேன். எழுதியதால் செய்ததுபோல ஒரு திருப்தி வந்து மறந்துவிட்டேன்.

அந்த மாதம் மின்வெட்டு, பெற்றோல் வரிசை எல்லாம் இருந்தது. அதைக் காரணமாக எழுதிப் பார்த்து வெட்டினேன். 2023 இல் மின்சாரம் இருந்தது. 2024 இலும் இருந்தது.

இன்னொன்று. பேசும்போது நானும் நாளுக்கு நூறு தரம் ஓம் என்றுதான் சொல்கிறேன். எழுத உட்கார்ந்தால் ஆம் வந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக் கட்டுரையில் ஓம் என்று எழுதியதற்குச் சிவப்பு மையால் வட்டம் போட்டார்கள். அதற்குப் பிறகு ஒருமுறைகூட எழுதவில்லை. செயலிக்குச் சொல்லிக்கொடுக்கும்போதும் நான் எழுதிய தமிழைத்தான் கொடுத்தேன். எங்கள் வாயில் இருக்கும் தமிழ் நினைவுக்கே வரவில்லை.

இரண்டாவது அறிக்கை எழுதி, உமது தாளையும் என் குறிப்பையும் இணைத்து நீக்கிலாப்பிள்ளையிடம் கொடுத்தேன். வாசித்தார். "முதல் அறிக்கை போயிட்டுது மிஸ். ஒரு சாவுக்கு ரெண்டு அறிக்கை எழுதக் கூடாது" என்றார். மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். பிரதியைச் சுகாதாரப் பகுதிக்கு நான் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. இதை வீரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பன்னிரண்டாம் திகதி பட்டியல் என் கையில் இருந்தது. நான் அனுமதிக்காகக் காத்திருந்தேன்.

தேவகுமாரி


புத்தூர்
27.2.2025

அக்கா,

நடத்துனர் அன்றைக்கு மத்தியானமே தந்துவிட்டார். தியாகராசாவின் சைக்கிளில் அன்றும் மறுநாளும் ஒன்பது வீடும் போனேன்.

ஆறு வீட்டில் தாய்ப்பால் மட்டும், பிள்ளைகள் சுகம். ஒரு வீட்டில் போத்தல் தண்ணீர் வாங்குகிறார்கள், கனடாக் காசு. எட்டாவது வீட்டில் போன கிழமைதான் பால்மா தொடங்கியிருக்கிறார்கள். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெட்டை, பிள்ளையின் தாய், எழும்பிப் போய் அடுப்பிலிருந்த கேத்திலை இறக்கிக் கொல்லைக் கோடியில் ஊற்றினாள். அவளுடைய மாமன் என்னை, "இப்பதான் கனவு கண்டனியளோ?" என்று ஏசினார். ஏசட்டும்.

ஒன்பதாவது வீடு பூட்டிக் கிடந்தது. பிள்ளைக்கு மூச்சு எடுக்கக் கஷ்டம் என்று ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய் நாலு நாள் என்று பக்கத்து வீட்டுக் கத்தரீனா சொன்னா. நான் உடனே அந்த வாட்டுக்குப் போய்த் தாதிமாரிடம் தண்ணீர்க் கதையைச் சொன்னேன். எழுதி எடுத்தார்கள். பிள்ளை கண் திறந்துதான் கிடந்தது. நாலு நாள் என்றால் எத்தனையாம் திகதி என்று நீங்களே கணக்குப் பாருங்கள். நான் பார்த்துவிட்டேன்.

இனி இந்தக் கடிதம் எதற்கு என்று சொல்கிறேன்.

வரும் வழியில் சாருஜாவிடம் போனேன். உங்கள் முதல் அறிக்கையின் பிரதி ஒன்றைக் கிராம சேவையாளர் மூலம் அவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவள் அதை மடித்துப் பிள்ளையின் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள். எடுத்து வந்து அந்த ஒரு வரியை விரலால் காட்டினாள். வீட்டிலிருந்து பெறப்பட்ட விடை எதிர்பார்க்கப்பட்ட வடிவில் இருக்கவில்லை.

"அக்கா, நீங்கள் கேக்கேக்கை நான் ஓம் எண்டுதானே சொன்னனான்? அது பிழையான மறுமொழியோ?"

நான் இல்லை என்றேன். அவள் கேட்கவில்லை.

"நான் ஆம் எண்டு சொல்லியிருந்தாப் பிள்ளை இருந்திருக்குமோ?"

அவளுடைய மனுசன் தனோஜன் வாழைத்தோட்டத்தில் இருந்து வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் அந்தக் கேள்விதான் என்று முகத்தில் தெரிந்தது. அவர்கள் இருவரும் இப்போது ஒருவரோடு ஒருவர் அதிகம் கதைப்பதில்லை. எதனால் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

யாருடைய பெயரும் இல்லாமல் எழுதினேன் என்றீர்களே அக்கா. பெயர் போடாத இடத்தில் அவள் தன் பெயரைப் போட்டுக்கொண்டாள்.

நான் எத்தனை தரம் சொன்னாலும் என்னை நம்பமாட்டாள். நான் தன்னைத் தேற்றுகிறேன் என்று நினைக்கிறாள். எழுதியவர் வந்து சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர்கள் வீட்டில் இருப்பார்கள். நீங்கள் கோயிலுக்குப் போய்விட்டு வரலாம்.

ஒன்று மட்டும். "நல்லாக் கொதிக்க வைச்சுத்தானே குடுத்தனான்" என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்வாள். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரிலுள்ள நைத்திரேற்று இன்னும் செறியும் என்று நான் சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிறேன் என்று நீங்களும் அதைச் சொல்லிவிடாதீர்கள்.

பராசக்தி


நெல்லியடி
3 மார்ச் 2025

பராசக்தி,

நேற்று நீர் ஒழுங்கை முகப்பில் சைக்கிளோடு நின்றதைக் கண்டேன். உள்ளே வராதது சரி. நான் வெளியே வந்தபோது நீர் போயிருந்தீர். உள்ளே நடந்ததை உமக்குத் தெரிவிக்க வேண்டும்.

தனோஜன் எனக்குக் கதிரை எடுத்துப் போட்டுவிட்டு முற்றத்தில் இறங்கிக்கொண்டார். போகவில்லை, கேட்கிற தூரத்தில் நின்றார். சாருஜா எதிரே நிலத்தில் இருந்தாள். யன்னலில் இரண்டு பால்போத்தல்கள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன. அப்போதுதான் கழுவியதுபோல ஈரமாக இருந்தன.

திறந்த பெட்டி, அமைப்புகள், வழக்கமான பெறுமதி என்று நான் யோசித்து வைத்திருந்த எதுவும் அங்கே சொல்லக்கூடியதாக இருக்கவில்லை. அறிக்கையைக் கேட்டு வாங்கி அந்த வரியின் மேல் என் பேனையால் கோடு போட்டேன். "நீர் சொன்னது சரி. பராசக்தி எழுதினதும் சரி. அந்தச் சொல்லு விளங்காத மாதிரிச் செய்து வைச்சது நான். அதைத் திருத்த வேணும் எண்டு எனக்கு மூண்டு வருசமாத் தெரியும்" என்றேன். இதைத்தான் சொன்னேன், கூட்டவோ குறைக்கவோ இல்லை. கோடு போட்ட இடத்தில் என் பெயரை எழுதித் திகதியும் போட்டேன், உமது பழக்கப்படி.

கொதிக்க வைத்ததைப் பற்றி மூன்று தரம் சொன்னாள். நான் வாய் திறக்கவில்லை.

பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, விளங்கிக்கொள்ளக் கேட்டாள்.

"நீங்களும் இஞ்சை பிறந்தனீங்கள்தானே மிஸ்?"

"ஓம்."

"அப்ப உங்களுக்கு ஓம் எண்டாத் தெரியும்தானே?"

"ஓம்" என்றேன்.

அவள் எழும்பி யன்னலிலிருந்த போத்தல்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தண்ணீர் ஊற்றிக் கழுவும் சத்தம் கேட்டது. நான் கதிரையில் இருந்தேன். தனோஜன் படலையைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

தேவகுமாரி